அந்தி வெளிச்சத்தில் கடமான்: குறை ஸ்கோப்பிலா, என்னிடமா?

கட்டபெட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டுப் பக்கம் எங்கள் வீடு. அப்பா ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. நான் ஆறு ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து பகுதியில் உள்ள ட்ரரால்கனில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பொங்கலுக்காக ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறேன். அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஒரு சந்தேகத்தை இங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுத் தெளியலாம் என்று எழுதுகிறேன்.

நான் கேட்பது நம் மலையில் வேட்டையாடுவதற்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சோலைகளில் திரியும் அதே கடமானை 1860-களில் கப்பலேற்றிக் கொண்டுபோய் விக்டோரியாவில் விட்டிருக்கிறார்கள். அது அங்குள்ள மலைக்காடுகளில் பெருகி, இன்று உரிமம் பெற்றவர்கள் ஆண்டு முழுவதும் நடந்து தேடிச் சுடலாம் என்னும் நிலையில் இருக்கிறது. அவர்கள் ஊர்க் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நம் மலையில் நிற்க, நம் கடமான் அவர்கள் ஊர்க் கற்பூர மரத்தில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு திரிவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. துப்பாக்கிக் குழலின் விட்டம் .270 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குண்டின் எடை 130 கிரெயினுக்குக் குறையக் கூடாது, சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் சுடலாம் என்பவை அங்குள்ள விதிகளில் முக்கியமானவை. உரிமம் எடுத்து, பழைய .270 போல்ட் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். அதன் மேலேயே குறி பார்க்கும் தொலைநோக்கி, அதாவது 3-9×40 ஸ்கோப் ஒன்று (உருப்பெருக்கத்தை 3 முதல் 9 மடங்கு வரை திருகலாம், முகப்பு வில்லை 40 மில்லிமீட்டர்) பொருத்தப்பட்டிருந்தது.

கடந்த நவம்பரில் ஒரு மாலை, அஸ்தமனமாகிக் கால் மணி நேரம் கழிந்திருக்கும். ஓடையின் எதிர்ச்சரிவில், பெரணிப் புதருக்குள்ளிருந்து கடமான் காலைத் தரையில் தட்டும் ஓசை கேட்டது. நூறு மீட்டருக்குள்தான் இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒரு கரிய திரட்சி தெரிந்தது; அதன் காது அசைந்ததையும் பார்த்தேன் என்றே நினைக்கிறேன். நன்றாகத் தெரியட்டும் என்று ஸ்கோப்பை 9-க்குத் திருகிக் கண்ணை வைத்தேன். உள்ளே சாணி கரைத்த தண்ணீர் போல ஒரே மங்கல். விலங்கும் தெரியவில்லை, குறி வைக்க உதவும் குறுக்கிழையும் தெரியவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது கண்ணாடிக்குள் தெரியாமல் போனது எப்படி என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அது ஒருமுறை கத்திவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது.

உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர், உருப்பெருக்கம் மாறாத 8×56 ஜெர்மன் ஸ்கோப் ஒன்றைத் தேடிப் பிடி என்கிறார். கடைக்காரர், நடுவில் சிவப்புப் புள்ளி ஒளிரும் 3-12×56 ஸ்கோப்பைக் காட்டி, அதன் குழாய் 30 மில்லிமீட்டர் என்பதால் வெளிச்சம் அதிகமாக உள்ளே வரும் என்கிறார். அதன் விலை துப்பாக்கியின் விலையைவிட அதிகம். எதை வாங்குவது, அல்லது வாங்கத்தான் வேண்டுமா? எனக்கு வயது 34, கண்ணாடி போடுவதில்லை.

இன்னொன்று. கேத்தியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டிருக்கும் என் சித்தப்பா, இரவில் காட்டுப்பன்றி வருகிறதா என்று பார்ப்பதற்கு, புதியது வாங்கினால் பழைய ஸ்கோப்பை அடுத்த முறை தனக்குக் கொண்டுவந்து கொடுக்கும்படி கேட்கிறார். அதைப் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

உதகை வாத்தியார் எழுதியது:

தம்பி, நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். துப்பாக்கியைக் கையில் தொட்டதில்லை. ஆனால் ஸ்கோப் என்பது குழாய்க்குள் வரிசையாக அடுக்கிய வில்லைகள்தானே. ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்: உங்கள் ஸ்கோப்பில் குறை இல்லை. அதை 9-க்குத் திருகியதுதான் குறை.

வீட்டில் ஒரு பைனாகுலர் இருந்தால் இப்போதே எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போங்கள். அதைக் கண்ணில் வைக்காமல், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கண்பக்க வில்லையைப் பாருங்கள். கறுப்பின் நடுவே சிறு வெள்ளை வட்டம் ஒன்று மிதப்பது போலத் தெரியும். கருவிக்குள் நுழைந்த வெளிச்சம் முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. எக்ஸிட் பியூபில் என்று சொல்வது இதைத்தான். முகப்பு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் இந்த வட்டத்தின் விட்டம் கிடைத்துவிடும். உங்கள் ஸ்கோப்பில் 9-ல் வைத்தால் 40-ஐ 9-ஆல் வகுக்க 4.4 மில்லிமீட்டர், 6-ல் வைத்தால் 6.7. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆகையால், 6-ல் வைத்திருந்தால் காட்சி ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு பிரகாசமாக இருந்திருக்கும். பகலில் உங்கள் கண்பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருப்பதால் இந்த வேறுபாடு தெரியாது. அந்தியில் அது விரிந்து, வருகிற வெளிச்சத்தையெல்லாம் வாங்கத் தயாராக இருக்கும்போது, நீங்கள் குழாயைத் திருகி அளந்து ஊற்றியிருக்கிறீர்கள். வெறுங்கண் தன் முழு அகலத்துக்கு வெளிச்சம் வாங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் அதற்குக் காது அசைந்ததுகூடத் தெரிந்தது.

இங்கே வயது ஒரு முக்கியமான சங்கதி. இருபது வயதில் இருட்டில் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டுவது கடினம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். உங்கள் நண்பர் சொல்லும் 8×56, சரியாக 7 மில்லிமீட்டர் வட்டத்தைத் தருகிறது. 34 வயதுக்காரருக்கு அது பெரும்பாலும் பயன்படும். 68 வயதான எனக்கு அதைக் கொடுத்தால், செம்பு நிறைந்த பிறகும் குழாயை மூடாமல் விட்ட கதைதான். ஓரத்து வெளிச்சம் முழுவதும் கண்பாவையைச் சுற்றியுள்ள கருவிழியில் விழுந்து வீணாகும். ஆகவே, ஸ்கோப் வாங்குகிறவர் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்பு தன் வயதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் உருப்பெருக்கமே வேண்டாமா என்றால், அதுவும் சரியல்ல. மங்கலில் நுணுக்கம் தெரிய வேண்டுமானால் ஓரளவு பெரிதாக்கத்தான் வேண்டும். இதற்காக ட்விலைட் ஃபேக்டர் என்று ஓர் எண்ணை விளம்பரங்களில் போடுவார்கள். உருப்பெருக்கத்தையும் முகப்பு விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது வரும். 8×56-க்கு 21.2, 6×42-க்கு 15.9. இந்த எண்ணை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். சட்டைப்பையில் வைக்கும் 10×25 பைனாகுலருக்கும் இதே கணக்கில் 15.8 வந்துவிடுகிறது. அதையும் 6×42-ஐயும் ஒரு மாலை அவலாஞ்சியில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர் எவரும் இரண்டும் சமம் என்று சொல்லமாட்டார்.

கண்ணாடிப் பூச்சு பற்றி இரண்டு வரி. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்து வருவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பல அடுக்குப் பூச்சு உள்ள நல்ல வில்லையில் இந்த இழப்பு பரப்புக்கு அரை சதவீதம் அளவுக்குக் குறைகிறது; பத்துப் பரப்புக்குப் பிறகும் 95 சதவீதம் மிஞ்சும். ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனத்தில் இருந்த ஸ்மகுலா 1935-ல் கண்டுபிடித்த பூச்சின் வழிவந்த இந்த வித்தைக்குத்தான் நீங்கள் அதிக விலை கொடுக்க வேண்டுமே தவிர, குழாயின் தடிமனுக்கு அல்ல. 30 மில்லிமீட்டர் குழாய் உறுதியைக் கூட்டும், குறியைத் திருத்தும் எல்லையைக் கூட்டும். வெளிச்சம் நுழைவது முகப்பு வில்லையில். குழாய் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. கடைக்காரர் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காத ஒன்று. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையிலான நேரம், வெளியில் நின்று பொருள்களை அடையாளம் காணக்கூடிய அந்தி. நீலகிரியில் அது சுமார் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சூரியன் இங்கே ஏறத்தாழ நெட்டுக்குத்தாக இறங்குகிறது. நீங்கள் இருக்கும் கிப்ஸ்லாந்து தெற்கே 38 பாகையில் இருப்பதால் அங்கே சாய்வாக இறங்கி, கோடையில் அரை மணி வரை இழுக்கும். அதாவது, சட்டம் உங்களுக்குக் கொடுக்கும் அரை மணி நேரம் கிட்டத்தட்ட முழுவதும் அந்தி வெளிச்சத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பரண் மேல் உட்கார்ந்து நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றி சுடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது 56 மில்லிமீட்டர் வில்லை. அந்த நேரத்தில் நீங்கள் துப்பாக்கியைக் காலி செய்து வண்டியில் பூட்டியிருப்பீர்கள். மரநிழலுக்குள் இருட்டு முந்திக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு 42 அல்லது 50 மில்லிமீட்டரில் நல்ல பூச்சுள்ள ஸ்கோப் போதும்.

பழைய தோட்டக்காரர் எழுதியது:

வாத்தியார் வெளிச்சத்தைச் சொல்லிவிட்டார். நான் இழையைச் சொல்கிறேன். தம்பி எழுதியதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய வாக்கியம், குறுக்கிழையும் தெரியவில்லை என்பது. விலங்கு நன்றாகத் தெரிந்து, எங்கே குறி வைக்கிறோம் என்பது தெரியாத ஸ்கோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் 1967-ல் குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் உதவி மேலாளராகச் சேர்ந்தபோது உரிமம் எடுத்து வேட்டைக்குப் போவது வழக்கத்தில் இருந்தது. எங்கள் பெரிய துரையின் துப்பாக்கியில் ஸ்கோப் கிடையாது. முனைக்குறியின் மேல் மடக்கி நிமிர்த்தக்கூடிய, தந்தத்தாலான சிறு வெள்ளை மணி ஒன்று இருந்தது. இருட்டத் தொடங்கினால் அதை நிமிர்த்திக்கொள்வார். அது உடைந்துபோன பிறகு, கூட வந்த காவலாளி தன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து முனைக்குறியில் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பார். அந்தச் சுண்ணாம்புப் பொட்டு செய்த வேலையைத்தான் இன்று ஒளிரும் புள்ளி செய்கிறது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், ஜெர்மன் 4-ஆம் எண் என்று சொல்லப்படும் இழையைக் கேளுங்கள். இடம், வலம், கீழ் ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் தடித்த கம்பிகள் நடுவை நோக்கி வரும். நடுவில் மட்டும் மெல்லிய இழை. மெல்லியது மறைந்து போனாலும் மூன்று தடித்த கம்பிகள் சேருமிடத்தைக் கண் தானாக ஊகித்துக்கொள்ளும். உங்கள் பழைய ஸ்கோப்பில் தலைமுடி போன்ற இழை மட்டுமே இருந்தால், அதை மாற்றுவதற்கு அது ஒன்றே போதிய காரணம். மேலும், உருப்பெருக்கத்தோடு சேர்ந்து இழையும் பெரிதாகிச் சிறிதாகும் வகை ஒன்று உண்டு. முதல் குவியத்தள வகை என்பார்கள். தூரத்து இலக்கை அளந்து சுடுகிறவர்களுக்கு அது வசதி. உங்களைப் போல, இருட்ட இருட்ட உருப்பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டியவருக்கு, குறைக்கும்போதெல்லாம் இழையும் மெலிந்துகொண்டே போனால் என்ன பயன்? இழையின் தடிமன் மாறாத இரண்டாம் தள வகையை வாங்குங்கள்.

ஒளிரும் புள்ளி நல்லதுதான். ஆனால் அதன் மிகக் குறைந்த படியில் எவ்வளவு மங்கலாக எரிகிறது என்பதைப் பாருங்கள். நடுப்பகலுக்காகச் செய்த புள்ளி அந்தியில் ஆட்டோவின் பின்விளக்கு மாதிரி ஒளிர்ந்து, பின்னால் நிற்கும் விலங்கை விழுங்கிவிடும். டியூப்லைட்டுக்குக் கீழே எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் இருக்கும். கடை மூடும் நேரத்தில் போய், வாசலுக்கு வெளியே கொண்டுவந்து தெருமுனையின் நிழலைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

56 மில்லிமீட்டர் முகப்பு வேண்டாம் என்பதற்கு வாத்தியார் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு பெரிய முகப்பு குழலில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களை உயர்த்திப் பொருத்த வேண்டும். உயர்த்தினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது. தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கிறவருக்குக் காட்சியின் ஓரத்தில் கரும்பிறை வந்து வந்து போகும். .270 உதைக்கிற துப்பாக்கி. கண்ணுக்கும் கண்பக்க வில்லைக்கும் இடையே ஒன்பது சென்டிமீட்டராவது இருக்கட்டும். புருவத்துக்கு மேல் பிறை வடிவத் தழும்பு உள்ளவர்கள் இருவரை எனக்குத் தெரியும். இருவருமே சரிவில் மேல்நோக்கிச் சுட்டபோது வாங்கிக்கொண்டவர்கள்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்த மலையில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879-லேயே தனிச்சட்டம் வந்தது. பிறகு 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து எங்கள் காலத்து உரிமமெல்லாம் பழங்கதையாயிற்று. பயிரை அழிக்கும் விலங்காக இருந்தாலும், அதற்கு என்ன செய்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் வனத்துறையிடம்தான் இருக்கிறது. வெறுமனே பார்ப்பதற்குத்தான் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காட்டோரத் தோட்டத்தில் இரவு நேரத்தில் துப்பாக்கி ஸ்கோப்போடு நிற்கிற மனிதர் அந்த உண்மையை வனக்காவலரிடம் நிரூபிக்க வேண்டிய நிலைமை எதற்கு? பார்ப்பதற்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். பயிர்ச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கூடலூர் பையன் எழுதியது:

எல்லோரும் கண்ணாடி வில்லையைப் பற்றியே பேசுகிறீர்கள். உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வந்து இவ்வளவு காலமான பிறகு, அந்திக்காக 8×56 தேடுவது கொஞ்சம் பழைய சிந்தனையாகத் தெரியவில்லையா?

உதகை வாத்தியார் எழுதியது:

தெர்மல் கருவி, விலங்கு இருக்கிறது என்று சொல்வதில் கில்லாடி. அது என்ன விலங்கு, எப்படிப்பட்ட விலங்கு என்று சொல்வதில் அவ்வளவு கெட்டிக்காரன் அல்ல. வெப்பம் இருக்குமிடம் வெளுத்துத் தெரியும். முற்றிக் காய்ந்த கொம்பில் இரத்தம் ஓடுவதில்லை ஆதலால் அது உடலைப் போலத் துலங்காது. அடர்ந்த மூடுபனியில் அதன் பார்வையும் மங்கும். மூடுபனியைப் பற்றிக் கூடலூரில் இருந்து மேலே ஏறி வருகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, இரவில் எந்தக் கருவியை வைத்திருக்கலாம், எதை வைத்திருக்கக் கூடாது என்பதற்கு விக்டோரியாவில் வேட்டையைக் கவனிக்கும் ஆணையம் தனி விதிகள் வைத்திருக்கும். தம்பி அதைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

பூம்பாறை நடை எழுதியது:

அண்ணா, நான் கொடைக்கானலில் பறவை பார்க்க வருகிறவர்களை அழைத்துக்கொண்டு நடப்பவள். ஸ்கோப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்தியில் தவறாகப் பார்ப்பதைப் பற்றி நன்றாகத் தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பூம்பாறைக்கு மேலே உள்ள சரிவில், வெளிச்சம் அடங்குகிற நேரத்தில், பூண்டு வயலின் ஓரத்தில் கரடி ஒன்று குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. என்னோடு வந்த நான்கு பேரும் பார்த்தார்கள். நானும் என் கையிலிருந்த சிறிய பத்து மடங்கு பைனாகுலரில் பார்த்து, கரடிதான் என்று சொல்லி, அவர்களை ஓசைப்படாமல் பின்வாங்கச் சொன்னேன். இருபது அடி பின்னால் போயிருப்போம். கரடி நிமிர்ந்து நின்று, கறுப்புக் கம்பளியை உதறி மறுபடி போர்த்திக்கொண்டு, பீடி பற்ற வைத்தது. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் தாத்தா. ஐந்து பேர், பத்துக் கண்கள், ஒரு பைனாகுலர். எல்லாமே கரடி என்றுதான் சொல்லின.

எங்கள் கையில் துப்பாக்கி இல்லை. ஆகவே அது இன்றும் ஊரில் சொல்லிச் சிரிக்கிற கதையாக இருக்கிறது. உங்கள் கையில் இருந்தது. நீங்கள் ஓடைக்கு எதிரே அது என்ன என்று தெரிந்துகொள்வதற்காக ஸ்கோப்பில் கண்ணை வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால், என்னவென்று தெரியாத ஒன்றின் மேல் குழல் நீண்டிருந்தது என்றுதானே பொருள்? குறை சொல்வதற்காக எழுதவில்லை. நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஸ்கோப் அல்ல, பைனாகுலர் என்று எனக்குத் தோன்றுகிறது. பைனாகுலரில் கடமான் என்று உறுதியான பிறகு துப்பாக்கியைத் தூக்கினால், ஸ்கோப் செய்ய வேண்டிய வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

வாத்தியார் ஐயா சொன்ன வகுத்தல் கணக்கு இதற்கும் பொருந்தும். 10×42-க்கு 4.2 மில்லிமீட்டர், 8×42-க்கு 5.25, 7×50-க்கு 7-க்குச் சற்று மேல். இந்த மூன்றில் அந்திக்கு 7×50-தான் மேல். ஆனால் பெரும்பாலும் ஒரு கிலோ எடை. கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மதிகெட்டான் சோலை ஓரமாக நாள் முழுவதும் நடந்தால் மறுநாள் தலையைத் திருப்ப முடியாது. அதனால் நான் 8×42-க்கு மாறிவிட்டேன். வாங்கும்போது, ஜன்னலுக்கு நேரே நீட்டிப் பிடித்து அந்த வெள்ளை வட்டம் உண்மையிலேயே வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பட்டகம் உள்ள பைனாகுலர்களில் அதன் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரியும். பட்டகம் பேக்-4 (BaK-4) எனப்படும் நல்ல கண்ணாடியில் செய்தது என்றால் முழுவட்டமாக இருக்கும்.

மலைக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று பூஞ்சை. என் தாத்தா வைத்திருந்த பழைய பைனாகுலரை டார்ச் அடித்துப் பார்த்தால், வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலை பின்னியது போல வெள்ளை நூல்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்திருக்கும். பகலில் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. வெளிச்சம் குறைந்ததும் காட்சி முழுவதும் பால் தெளித்தது போல ஆகிவிடும். பழைய ஸ்கோப் வைத்திருக்கிறவர்கள், அது மங்கலாகத் தெரிகிறது என்றால், வேறொன்று வாங்குவதற்கு முன்பு முகப்புப் பக்கத்திலிருந்து ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவியில் உள்ளே ஆவி படியாது. ஆனால் வெளிப்புறத்தில் நம் மூச்சே பட்டு ஆவி படியும். அவசரத்தில் அதை முந்தானையாலோ மஃப்ளராலோ துடைத்தால், ஐயா சொன்ன அந்த விலை உயர்ந்த பூச்சு கீறல் கீறலாகப் போய்விடும். நான் சட்டையின் உள்பையில் ஒரு மெல்லிய துணியை வைத்திருக்கிறேன். அதை வேறு எதற்கும் தொடுவதில்லை.

கட்டபெட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பூம்பாறைத் தங்கை எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் போனை மூடி வைத்துவிட்டேன். அன்று குழல் நீண்டிருந்தது உண்மைதான்.

ஸ்கோப் துப்பாக்கியோடு அங்கேயே பெட்டியில் பூட்டியிருப்பதால், பைனாகுலர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அப்பாவிடம் பழைய 7×50 ஒன்று இருக்கிறது. கோடநாடு போகும் வழியில் இருக்கும் நண்பனிடம் 10×42 வாங்கிக்கொண்டேன். எங்கள் தோட்டத்துக்குக் கீழே, சில்வர் ஓக் மரங்களுக்கும் சோலைக்கும் நடுவில் உள்ள புல்வெளிக்கு மாலையில் காட்டுமாடுகள் வரும். நேற்று ஏழு மாடுகள் வந்தன. நானும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்தபோது 10×42-தான் மேல்; கன்றின் காதில் இருந்த கிழிசல்கூடத் தெரிந்தது. ஆறரைக்கு இரண்டும் ஏறத்தாழச் சமம் என்று எழுதிக்கொண்டேன். ஆறே முக்காலுக்கு, 10×42-ல் கறுப்பாக ஏழு மேடுகள் தெரிந்தனவே தவிர, எது காளை எது பசு என்று சொல்ல முடியவில்லை. 7×50-ல் கால்களின் வெள்ளைக் காலுறையும் காளையின் திமிலும் இன்னும் தெரிந்தன. இதில் நான் எதிர்பாராதது அப்பாவின் கண். அவருக்கு 63 வயது. கடைசி வரைக்கும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் சொன்னார். பத்து மடங்கில் மாடு பெரிதாகத் தெரிகிறது என்பதால் அதையே கேட்டு வாங்கிக்கொண்டார். நான் அவருக்குப் பொறுமையாகக் காட்டத் தெரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டு மூன்று முறை திருகிக் கொடுத்தேன். பிறகுதான் வாத்தியார் ஐயா எழுதிய செம்பும் குழாயும் நினைவுக்கு வந்தன.

இடையில் சித்தப்பா போனில் கூப்பிட்டார். வெளிச்சமான திரையை அரை நிமிடம்தான் பார்த்திருப்பேன். மறுபடி பைனாகுலரை எடுத்தபோது 7×50-லும் ஒன்றும் தெரியவில்லை. கண் பழையபடி பழகுவதற்குள் மாடுகள் சோலைக்குள் போய்விட்டன. கிப்ஸ்லாந்தில் அன்று ஸ்கோப்பில் பார்ப்பதற்குச் சற்று முன்பு, அஸ்தமன நேரத்தைச் சரிபார்க்க நான் போனை எடுத்துப் பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை நேரத்தைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.

ஆகவே 56 மில்லிமீட்டர் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். பணத்தின் பெரும்பகுதியை நல்ல 8×42 பைனாகுலருக்கு ஒதுக்குகிறேன். பழைய ஸ்கோப்பின் இழை தலைமுடி போலத்தான் இருக்கிறது என்பதால், மீதிப் பணத்தில் 4-ஆம் எண் இழையுள்ள 6×42 ஒன்று கிடைக்குமா என்று பார்க்கிறேன்; திருகுவதற்கு வளையமே இல்லையென்றால் தவறாகத் திருகவும் முடியாதல்லவா? சித்தப்பாவுக்கு அப்பாவின் 7×50-ஐக் கொடுத்துவிட்டோம். ஸ்கோப்தான் வேண்டும் என்று அவர் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

பழைய தோட்டக்காரர் எழுதியது:

6×42 நல்ல முடிவு. வளையங்களை உங்கள் துப்பாக்கிக்கு இடிக்காத அளவில் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் பொருத்துங்கள். திருகாணிகளை ஒரே பக்கமாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னம் படிந்த பிறகு கண்ணைத் திறந்தால் காட்சி முழு வட்டமாக இருக்க வேண்டும். கரும்பிறை தெரிந்தால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யுங்கள். நீங்கள் வேட்டைக்குப் போடுகிற அதே தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கள். வெறும் சட்டையோடு சரிசெய்தால் குளிரில் கண் பின்னால் தள்ளிப் போய்விடும்.

நூறு மீட்டரில் குறியைச் சரிசெய்யும்போது, திருகியின் ஒரு கிளிக் கால் நிமிடக் கோணம் (ஒரு பாகையில் 240-ல் ஒரு பங்கு) என்றால் குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகரும். ஐரோப்பிய ஸ்கோப்புகளில் பெரும்பாலும் கிளிக்குக்கு ஒரு சென்டிமீட்டர். எது என்று திருகியின் மேல் எழுதியிருக்கும். மூன்று குண்டு சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள்; ஒவ்வொரு குண்டுக்கும் திருகிக்கொண்டே இருந்தால் மாலை வரை திருகிக்கொண்டே இருப்பீர்கள். இத்தனையையும் பகலில் முடித்துவிட்டு, கடைசியாக ஒருமுறை அஸ்தமனத்துக்குப் பிறகு, அந்த அரை மணிக்குள், காலித் துப்பாக்கியோடு பாதுகாப்பான திசையில் ஒரு மரத்தூரைப் பாருங்கள். இழை எந்த நிமிடத்தில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் எத்தனை மணி வரை அனுமதித்தாலும், உங்களுக்கு அன்றைய வேட்டை முடிகிற நேரம் அதுதான்.